வாக்கரை மூலையில் வைத்த மாமியார்

நடை பழகுவோம்: வாசகர் கேள்வி பதில்

போன மாதப் பகுதியின் கடைசியில், எனக்கே இடது இடுப்பில் தசைநார் கிழிந்து தைத்துக்கொண்ட விஷயத்தை நாலு வரி எழுதியிருந்தேன். முழங்காலையும் கழுத்தையும் பற்றி மாதக்கணக்கில் எழுதியபோது வராத கடிதங்கள் அந்த நாலு வரிக்கு வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க இடுப்புதான்.

முதலில் ஒரு திருத்தம். நிறையப் பேர் ‘டாக்டரம்மா’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. தர்மபுரியில் 31 வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது நோயாளியாகவும் 14 மாத அனுபவம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்குக் கத்தி வைத்த டாக்டர் சொன்னதும் நான் எழுதுவதும் எங்காவது இடித்தால், அவர் பேச்சைக் கேளுங்கள். உள்ளே எவ்வளவு கிழிந்திருந்தது என்று கண்ணால் பார்த்தவர் அவர்தான்.

இன்னொன்று. தசையை எலும்போடு கட்டி வைக்கும் கயிறு போன்ற பகுதியைப் பள்ளிப் பாடப்புத்தகம் தசைநாண் என்கிறது, டாக்டர்கள் டெண்டன் என்கிறார்கள். ஊரில் எல்லோரும் தசைநார் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்க.

அக்கா, என் அத்தைக்கு (மாமியார்) வயது 63. சேலத்தில் இடது இடுப்பில் தசைநார் தைத்து 4 வாரம் ஆகிறது. 6 வாரம் வாக்கர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது வலியே இல்லை என்று வாக்கரை மூலையில் வைத்துவிட்டு அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடக்கிறார். நான் சொன்னால் ‘நீ என்ன டாக்டரா’ என்கிறார். நீங்கள் எழுதினால் படித்துக் காட்டுகிறேன்.
– ஒரு மருமகள், பாலக்கோடு

தங்கச்சி, இதை நீ படித்துக் காட்ட வேண்டாம். பத்திரிகையை அவர் கையிலேயே கொடுத்துவிடு. மீதியை நான் அவரிடமே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா, என்னைவிட இரண்டு வயது மூத்தவர் நீங்கள். எனக்கும் அதே இடது பக்கம், அதே சேலம். மூன்றாம் நாள் காரில் படுத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி வீடு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அப்பா அம்மாவைக் கூப்பிட்டேன். அந்த வலி மூன்றே வாரத்தில் ஓடிவிட்டது. உங்களுக்கும் அப்படித்தான் ஓடியிருக்கும். இரண்டு வருடம் ராத்திரி தூங்கவிடாத வலி போய்விட்டால், குணமாகிவிட்டது என்று யாருக்குத்தான் தோன்றாது?

வலி ஏன் போனது என்று பாருங்கள். தொடை எலும்பின் மேல்முனையில், வெளிப்பக்கம் கைவைத்தால் தட்டுப்படுகிற மேடு இருக்கிறதே, அங்கேதான் அந்தத் தசைநார் ஒட்டியிருக்க வேண்டும். அது பிய்ந்திருந்தது. அதற்கு மேலே இருக்கும் சின்ன நீர்ப்பையும் புண்பட்டு வீங்கியிருந்திருக்கும். டாக்டர் பெரும்பாலும் அந்தப் பையை எடுத்துவிடுவார், அப்புறம் எலும்பில் திருகாணி மாதிரி சின்ன ஆங்கரைப் பதித்து, அதிலுள்ள நூலால் தசைநாரை எலும்போடு இழுத்துக் கட்டுவார். எரிச்சல் தந்த பையும் போய், தொங்கிக்கொண்டிருந்த நாரும் கட்டப்பட்டதும் வலி அடங்கிவிடுகிறது. ஆனால் இந்த நிமிடம் உங்கள் தசைநாரை எலும்போடு பிடித்துக்கொண்டிருப்பது நூல்தான். நார் இன்னும் ஒட்டவில்லை.

உங்கள் பக்கத்தில் மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேர்ச்செடியில் ஒட்டுக்குச்சியைச் செருகி பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். சில வாரத்தில் மேலே துளிர் வந்துவிடும். துளிர் வந்துவிட்டதே என்று நாடாவை அவிழ்த்துக் குச்சியை ஆட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? கையோடு வந்துவிடும். உங்களுக்கு வலி போனது அந்தத் துளிர். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் தசையைப்போல, தோலைப்போல அது சீக்கிரம் ஆறாது. 6 வாரத்தில் ஒட்டத் தொடங்கியிருக்கும், 12 வாரத்தில் ஓரளவு பிடிப்பு வரும், வலு வந்து சேர 6 மாதத்திலிருந்து ஒரு வருடம்.

‘ரெண்டு எட்டுதானே’ என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 26ஆம் நாள் காலை அடுப்பில் பால் பொங்கிவிட்டது. வாக்கர் கட்டில் ஓரம். எனக்கும் அடுப்புக்கும் நடுவில் சரியாக இரண்டு எட்டு. வைத்தேன். இரண்டாவது எட்டில் இடுப்பின் வெளிப்பக்கம் சுளீரென்று ஒரு இழுப்பு. 31 வருடம் அடுத்தவர்களை மிரட்டியவள், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பால் வழிந்து அணைந்துபோன அடுப்பைக்கூட மூடத் தோன்றவில்லை. திரும்ப சேலம், திரும்ப ஸ்கேன். நூல் தாங்கியிருந்தது, பிழைத்தேன். அந்தப் பால் அரை லிட்டர்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சாயாமல் பிடித்து நிறுத்த அந்தத் தசை, உடம்பு எடையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். நீங்கள் 60 கிலோ என்றால் சுமார் 120 கிலோ. நடப்பது என்பது என்ன? ஒரு காலை எடுத்து முன்னால் வைக்கிற நேரத்தில் மறு காலில் ஒற்றையாக நிற்பதுதான். தைத்த காலில் வாக்கர் இல்லாமல் வைக்கும் ஒவ்வொரு எட்டிலும் அந்த 120 கிலோவை நூல் தாங்குகிறது.

டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தக் காலில் எவ்வளவு எடை போடலாம் என்று எழுதியிருக்கும். எனக்கு 10 கிலோ. 10 கிலோ என்றால் எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? எடை பார்க்கும் மெஷின் மேல் தைத்த காலின் பாதத்தை வைத்து, கையை வாக்கரில் ஊன்றி, முள் 10க்கு வரும்வரை அழுத்திப் பழகினேன். பாதம் முழுதும் தரையில் படலாம், எடை மட்டும் கைகளில் இருக்க வேண்டும். பாதத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டி அடிப்பது இன்னும் கெடுதல்.

மாட்டுக் கொட்டகை விஷயம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. ஈரச் சாணம், சறுக்கும் தரை, குத்துக்காலிட்டுப் பால் கறப்பது. மாடு ஒரு இழுப்பு இழுத்தால் நீங்கள் ஊன்றப்போவது எந்தக் கால் என்று உங்களுக்கே தெரியாது. மூன்று மாதத்துக்கு வேறு யாராவது கறக்கட்டும். மாடு கோபித்துக்கொள்ளாது.

வீட்டுக்குள்ளும் சிலது கூடாது. காலைப் பக்கவாட்டில் தானாகத் தூக்கக் கூடாது. தைத்த நார் செய்கிற வேலையே அதுதான். கட்டிலிலிருந்து இறங்கும்போது ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, கையால் இழுத்துக் காலை நகர்த்துங்கள். கால்மேல் கால் போடக் கூடாது, சம்மணம் கூடாது, மணையில் உட்கார்ந்து அரிவாள்மனை பிடிப்பது கூடாது. நாற்காலி உயரமாக இருக்கட்டும், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நான் தலையணை இரண்டு போட்டு அரசி மாதிரி உட்கார்ந்திருந்தேன். தைத்த பக்கம் படுக்கக் கூடாது. மல்லாந்து படுங்கள், இல்லாவிட்டால் நல்ல பக்கம் சாய்ந்து, இரண்டு காலுக்கும் நடுவில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் தலையணை வையுங்கள். கழிப்பறையில் குந்த வேண்டாம், நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி மெடிக்கல் கடையில் கிடைக்கும், பழைய கழிப்பறை மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால், தையல் இடம் சிவந்து நீர் கசிந்தால், ‘டப்’பென்று ஏதோ விட்டுப்போனது போலிருந்து காலில் வலு போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். மூச்சு வாங்கினால் உடனே 108. படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லியிருப்பார்களே, அது பொழுதுபோக்குக்கு இல்லை, காலில் ரத்தம் உறையாமல் இருக்க.

இப்போது மருமகளுக்கு ஒரு வார்த்தை. உன் அத்தை அடுப்படிக்குப் போவது சமைக்க இல்லை, தங்கச்சி. நாற்பது வருடம் அவர் கையில் இருந்த இடம் நாலு வாரத்தில் உன் கைக்கு வந்துவிட்டது. ‘உட்காருங்கள், உட்காருங்கள்’ என்று நீ சொல்லச் சொல்ல அவருக்கு எழுந்திருக்கத்தான் தோன்றும். உயரமான நாற்காலி ஒன்றை அடுப்படி வாசலில் போட்டு அவரை அங்கே உட்கார வை. மேசையில் முறத்தை வைத்து அவரைக்காய் உரிக்கக் கொடு, புளி கொட்டை எடுக்கக் கொடு. குழம்புக்கு உப்பு சரியா என்று கேள். உனக்குத் தெரிந்திருந்தாலும் கேள்.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பின் வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வந்திருக்கிறாள் என் மனைவி. தைத்தது வலது பக்கம். தடியை வலது கையில் பிடிக்கச் சொல்கிறேன், அவள் இடது கைதான் என்கிறாள். யார் சொல்வது சரி? படி ஏறலாமா? டவுன் பஸ்ஸில் போகலாமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

உங்கள் மனைவி சொல்வது சரி. தடி எப்போதும் எதிர்க் கையில். வலது காலை ஊன்றும்போது உடம்பு இடது பக்கம் சாயப் பார்க்கும், அதை இடது கைத் தடி தாங்கிக்கொண்டால் வலது இடுப்புத் தசைக்கு வேலை பெருமளவு குறைகிறது. வலது கையிலேயே பிடித்தால் வெறும் அலங்காரம். சினிமாவில் அநேகமாக எல்லோரும் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் நமக்கும் இந்தப் பழக்கம்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் தைத்த காலும் முதலில். ஒரு கை கைப்பிடிச் சுவரில் இருக்கட்டும். டவுன் பஸ்ஸை மூன்று மாதம் மறந்துவிடுங்கள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது சரிதான், ஆனால் முதல் படி முழங்கால் உயரம். அது ஏறுவதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

வயது 47, ஆசிரியை. ஒரு வருடமாக வலது இடுப்பு வலி. முதலில் முதுகு எலும்பு தேய்மானம் என்றார்கள், பிறகு ஜவ்வு என்றார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து, கிழியவில்லை, தசைநார் நைந்து வீங்கியிருக்கிறது என்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி இரண்டு போட்டாயிற்று, இரண்டு மாதம் நன்றாக இருந்து திரும்ப வருகிறது. மூன்றாவது போடலாமா, ஆபரேஷனே செய்துவிடலாமா?
– ஊத்தங்கரை

டீச்சர், உங்கள் ஒரு வருடம் வீணானதற்குப் பாதிக் காரணம் நம் பாஷைதான் என்பேன். முதுகின் அடிப்பக்கம் வலித்தாலும் இடுப்பு வலி, தொடை இடுக்கில் வலித்தாலும் இடுப்பு வலி, பக்கவாட்டு எலும்பு மேட்டில் வலித்தாலும் இடுப்பு வலி. ‘இடுப்பு வலி’ என்றதும் முதுகுக்கு எக்ஸ்ரே எழுதிவிடுகிறார்கள். எங்கள் பாட்டிகள் தெளிவாகச் ‘சப்பை வலி’ என்பார்கள். டாக்டரிடம் போனால் வாயால் சொல்லாதீர்கள், விரலை வைத்துக் காட்டுங்கள். பக்கவாட்டு மேட்டில் விரல் வைத்தால் வலிக்கிறது, அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது, படி ஏறினால், ஒற்றைக் காலில் புடவை கட்ட நின்றால் வலிக்கிறது என்றால் அது இந்தத் தசைநாராக இருக்க வாய்ப்பு அதிகம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் இது கூடுதலாக வருகிறது. ஊரைக் குறை சொல்கிறேனே தவிர, எனக்கு வந்தபோது நானே இதை முதுகு வலி என்று முடிவுகட்டி இரண்டு வருடம் முதுகுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு!

ஊசி விஷயம். ஆஸ்திரேலியாவில் உங்களைப்போல இந்தத் தசைநார் நைந்த 204 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 8 வாரம் கழித்து, பழக்கங்களைத் திருத்திப் படிப்படியாக உடற்பயிற்சி செய்தவர்களில் சுமார் 77 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58. சும்மா காத்திருந்தவர்களில் 29. ஊசி வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் நார் பலவீனமாகும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்றாவது ஊசிக்கு முன் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்ப்பேன். கிழியாத நாருக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது.

பழக்கம் என்றேனே, அது என்ன? கரும்பலகை முன் எப்படி நிற்கிறீர்கள் என்று நாளைக்குக் கவனியுங்கள். ஒரு காலில் எடையைப் போட்டு, அந்தப் பக்கச் சப்பையை வெளியே தள்ளி, மறு காலைச் சும்மா வைத்து நிற்பீர்கள். அப்படி நிற்கும்போது நார் எலும்பு மேட்டின் மேல் நசுங்குகிறது. இடுப்பில் குடம் வைப்பதும், பிள்ளையை ஒரே பக்கம் தூக்கி வைத்துக்கொள்வதும், உட்கார்ந்தால் கால்மேல் கால் போடுவதும் அதே கதைதான். தூங்கும்போது மேல் கால் முன்னால் மடிந்து விழுவதும் அப்படியே, நடுவில் தலையணை வையுங்கள். சப்பையை இழுத்து நீட்டும் பயிற்சியை யாராவது சொல்லிக்கொடுத்தால் வேண்டாம் என்றுவிடுங்கள், அது நசுக்குவதைக் கூட்டும். வேண்டியது இழுப்பு இல்லை, வலுவூட்டல்.

ஆபரேஷன் ஆன என் அம்மாவுக்குத் தினம் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறோம். தைத்த இடத்தை நீவிவிட ஒருவர் வருகிறேன் என்கிறார். வரச்சொல்லலாமா?
– அரூர்

சூப் கொடுங்கள், ருசிக்காக. முட்டை, பருப்பு, மீன், பயறு இதெல்லாம்தான் காயம் ஆற வேண்டிய புரதம். ராகிக் களியை நிறுத்த வேண்டாம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள், சூப்பைவிட அது முக்கியம்.

நீவுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளூரைடு. பல் எல்லாம் கறை. இடுப்புத் தசைநார் கிழிந்ததும் அதனால்தானா? தைத்தாலும் திரும்பக் கிழியுமா?
– பென்னாகரம்

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளூரைடு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் பல வருடம் குடித்தால் பல்லில் கறை, இன்னும் போனால் எலும்பு தடித்து, எலும்புகளைக் கட்டும் நார்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகும் கழுத்தும் விறைத்துவிடும். குனிய முடியாதவர்களை, தலையைத் திருப்ப உடம்போடு திரும்புகிறவர்களை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வேறு, உங்களுக்கு வந்தது வேறு. பக்கவாட்டுத் தசைநார் நைந்து கிழிவது உலகம் முழுக்க, ஃபுளூரைடே இல்லாத ஊர்களிலும், வயதாலும் வருடக்கணக்கான உரசலாலும் வருகிறது. பல்லில் கறை இருக்கிறதே என்று இதையும் தண்ணீர் கணக்கில் எழுத வேண்டாம். ஆனால் ஊரின் தண்ணீர் விவரத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், எக்ஸ்ரே பார்க்கும்போது அவருக்கு உதவும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் ‘அந்தத் தண்ணி சப்புனு இருக்கு’ என்று போர் தண்ணீரில் களி கிண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அதில் ஒருவர் இல்லையே?

ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. வயது 51. தைத்து 5 மாதம். வலி இல்லை, ஆனால் இன்னும் சாய்ந்து சாய்ந்து நடக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் இறங்கும்போது ஒரு பொண்ணு என் நடையை மாதிரி நடந்து காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். இது இப்படியே நின்றுவிடுமா அக்கா?

அந்தப் பொண்ணுக்கு ஐம்பது வயது வரட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நடக்கிற நடைக்கு ஒரு பெயரே இருக்கிறது, டிரெண்டெலன்பர்க் நடை. 1895இல் இதை விளக்கிய ஜெர்மன் அறுவை மருத்துவரின் பெயர். ஒரு காலில் நிற்கும்போது அந்தப் பக்கத் தசைக்கு வலு போதாவிட்டால் எதிர்ப் பக்க இடுப்பு கீழே இறங்கும். அதைச் சரிக்கட்ட உடம்பு வலுவில்லாத பக்கமே சாயும். கண்ணாடி முன் நின்று, மேசையை லேசாகப் பிடித்துக்கொண்டு, நல்ல காலைத் தூக்கிப் பாருங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் எத்தனை நொடி நிற்கிறது? என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 4ஆம் மாதம் 3 நொடி. 5ஆம் மாதம் 5. 7ஆம் மாதம் 14. ஒரு வருடம் ஆனபோது 30.

ஐந்தாம் மாதத்தில் நானும் வாத்து மாதிரிதான் நடந்தேன். சந்தைப்பேட்டைக்குப் போய் ஒரு கிலோ தக்காளி வாங்கித் திரும்புவதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் கடையில் ஏதோ விலை கேட்பதுபோல் நின்றுகொள்வேன். தசை பல மாதம், சிலருக்கு வருடக்கணக்கில், வேலை செய்யாமல் சுருங்கியிருக்கிறது. நாரைத் தைத்துக் கொடுப்பது வரைக்கும்தான் டாக்டர். வலு ஏற்றுவது அதற்கப்புறம் தொடங்குகிற வேலை. கிழிந்து ரொம்ப நாள் கழித்துத் தைத்தவர்களுக்குத் தசைக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் சாய்வு கடைசிவரை நிற்கலாம். உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தைத்த டாக்டரும் உங்கள் பிசியோவும் சம்மதித்தால் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது, தாழ்வான ஒரு படியில் தைத்த காலால் நிதானமாக ஏறி இறங்குவது. எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல், மறுநாள் காலை. பயிற்சி செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முந்தின நாளைவிட வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். ஒரு வாரம் ஆவேசமாகச் செய்துவிட்டு இரண்டு வாரம் படுத்துக்கிடப்பதைவிட, தினம் 20 நிமிடம் செய்வதே மேல். கைத்தடியைத் தூக்கிப் போட்டிருந்தால் திரும்ப எடுங்கள். சாய்ந்து சாய்ந்து நடந்து அந்த நடையே பழகிப்போவதைவிட, தடியோடு நேராக நடப்பது நல்லது. உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் கடிதம் வாங்கி கம்பெனியில் கொடுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த கால் திடீரெனப் பின்னுக்குப் போனால், பழைய ராத்திரி வலி திரும்பினால், உடனே காட்டுங்கள். மற்றபடி ஐந்தாம் மாதத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

எங்கள் ஊரிலிருந்து பிசியோதெரபிக்குப் போய்வர ஆட்டோவுக்கே 600 ரூபாய் ஆகிறது. வாரம் மூன்று முறை வரச்சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– தேன்கனிக்கோட்டை அருகில்

உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் அட்டையைக் காட்டிப் பெயர் பதியச் சொல்லுங்கள். அந்த அட்டையில் எந்த வாரம் எவ்வளவு எடை, எந்த அசைவு கூடாது என்று தைத்த டாக்டரின் கையெழுத்தில் தெளிவாக இருக்கட்டும். வருகிற பிசியோ இந்த ஆபரேஷனை அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். முழங்கால் மாற்றியவருக்குக் கொடுக்கும் பயிற்சியை உங்களுக்கும் கொடுத்துவிடக் கூடாது. வாரம் மூன்று முறை அவர் வர முடியாமல் போகலாம். வருகிற அன்று உங்கள் பிள்ளையை செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், மீதி நாள் அதைப் பார்த்து நீங்களே செய்யலாம்.

நீங்கள் இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறீர்களா மேடம்?
– காரிமங்கலம்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். உட்கார முடிந்தது. எழுந்திருக்கத்தான் என் பேத்தியும், பரிமாறிக்கொண்டிருந்த பையன் ஒருவனும் வேண்டியிருந்தது. அவன் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து கை கொடுத்தான்.